மண் பாதையில் மவுண்டன் பைக் நின்றுவிட்டால்: சென்னை ஓட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் மவுண்டன் பைக் வைத்திருப்பவர்கள் ஊரைத் தாண்டித்தான் மண் பாதையைத் தேட வேண்டியிருக்கிறது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய ஏரிக்கரைகள், திருப்போரூர்ப் பக்கத்து மண் தடங்கள், பூண்டி அருகே குடியம் குகைக்குப் போகும் கல் பாதை, வாரக் கடைசி முழுவதும் கிடைத்தால் ஏலகிரி, ஜவ்வாது மலை. இங்கெல்லாம் வண்டி நின்றால் பக்கத்தில் கடை இருக்காது. சில இடங்களில் போனில் சிக்னலும் இருக்காது. புதிதாக ஓட்ட வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதையில் செய்வது முழு ரிப்பேர் அல்ல. தார்ச் சாலை வரை, முடிந்தால் வீடு வரை, பத்திரமாக வந்து சேர வேண்டியதை மட்டும் செய்கிறோம். பார்க்க அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பழுது ஏன் வந்தது என்று பார்க்காமல் கையை வைத்தால், அதே பழுது அடுத்த ஏரிக்கரையில் திரும்ப வரும்.

பையில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும்?

உங்கள் சக்கர அளவுக்கு ஏற்ற ஸ்பேர் டியூப் ஒன்று, டயர் லிவர் இரண்டு, பேட்ச் கிட், கைப்பம்பு, செயின் கட்டர் உள்ள மல்டி டூல், அறுந்த செயினைச் சேர்க்க உங்கள் செயினுக்குப் பொருந்தும் குயிக் லிங்க் என்கிற இணைப்புக் கண்ணி ஒரு ஜோடி, நாலைந்து ஜிப் டை. மல்டி டூல் வாங்கும்போது 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீயும், டி25 என்கிற நட்சத்திர முனையும் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடான ரோட்டரைப் பிடிக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் டி25தான். டேப்பை உருளையாகச் சுமக்க வேண்டாம். பம்பின் மேல் இரண்டு மீட்டர் சுற்றிவைத்தால் போதும்.

குழுவாகப் போகும்போது பம்பையும் செயின் கட்டரையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். டியூபை மட்டும் அவரவர் வைத்துக்கொள்ளுங்கள். 26, 27.5, 29 என்று ஒரே குழுவில் மூன்று அளவும் இருக்கும். அவசரத்துக்கு 29 அங்குலச் சக்கரத்தில் 27.5 டியூபைப் போட்டால் அது விரிந்து கொடுக்கும், வீடு வந்துவிடலாம். பெரிய டியூபைச் சின்னச் சக்கரத்தில் திணித்தால் மடிப்பு விழுந்து அங்கேயே பஞ்சர் ஆகும்.

கார்பன் டை ஆக்சைடு குப்பி வேகமானது, சரி. ஆனால் ஒரு குப்பி ஒரு தரம்தான். முள் நிறைந்த நம் பக்கத்துப் பாதைகளுக்கு கைப்பம்பை நம்புவதே நல்லது.

சென்னையைச் சுற்றி ஓட்டினால் ஏன் இவ்வளவு பஞ்சர் ஆகிறது?

சீமைக்கருவேலம். ஏரிக்கரை, கால்வாய் ஓரம், தரிசு நிலம் என்று எங்கும் அது இருக்கிறது. வெட்டிப் போட்ட கிளை காய்ந்தபின் முள் இன்னும் கெட்டியாகி, ஆணி மாதிரி நிமிர்ந்து கிடக்கும். விறகுக்கு வெட்டிய இடங்களிலும், கரையைச் சுத்தம் செய்த இடங்களிலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது மரியாதைக் குறைவு இல்லை. இன்னொன்று நெருஞ்சி. அது சின்னது, ஆனால் ஒரே நேரத்தில் ஏழெட்டு இடத்தில் குத்தும்.

கருவேல முள்ளின் தொல்லை அது குத்துவதோடு முடிவதில்லை. நுனி உடைந்து டயரின் ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புது டியூபை மாட்டிக் காற்றடித்து ஒரு கிலோமீட்டர் போனதும் அதே இடத்தில் திரும்பக் குத்தும். "டியூப் சரியில்லை" என்று கடையில் போய்ச் சண்டை போடுகிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இந்த உடைந்த நுனிதான்.

பஞ்சர் ஆனதும் என்ன வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

முதலில் பாதையை விட்டு ஒதுங்கி, முள் இல்லாத நிழலாகப் பாருங்கள். பின்சக்கரம் என்றால் கழற்றுவதற்கு முன்பு செயினைப் பின்னால் இருக்கும் மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சக்கரம் எளிதாக வெளியே வரும், திரும்ப மாட்டும்போதும் குழப்பம் இருக்காது.

மிச்சக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். டயரின் விளிம்பைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தி, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். நடுவில் விட்டம் குறைவு என்பதால் டயர் தளர்ந்து கொடுக்கும். லிவரை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் நுழைத்து ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்தால் போதும். டயரை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை.

டியூபை உருவியதும் தூக்கிப் போட்டுவிடாமல், டயருக்குப் பக்கத்தில் வால்வுக்கு நேராக வால்வு இருக்கும்படி வைத்துப் பாருங்கள். டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறதோ, அதற்கு நேராக டயரில்தான் முள் இருக்கும். இதற்காகவே டயரை மாட்டும்போது அதன் பெயர் அச்சிட்ட இடத்தை வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம். பிறகு தேடும்போது ஒரு அடையாளம் கிடைக்கும்.

அடுத்து செய்வதுதான் மொத்த வேலையிலும் முக்கியமானது. டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள், மெதுவாக, இரண்டு திசையிலும். கையுறையை ஒரு துணி மாதிரி மடித்துத் தடவினால் இன்னும் பாதுகாப்பு. முள் இருந்தால் துணி அங்கே மாட்டிக்கொள்ளும். ஒரு முள் கிடைத்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். கருவேலங்காட்டில் ஒன்று குத்தினால் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்க வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து பிடுங்க வராத நுனியை உள்ளிருந்து ஆலன் கீயின் முனையால் தள்ளி வெளியேற்றலாம்.

புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்துக்கொண்டு உள்ளே வையுங்கள். அப்போது முறுக்கிக்கொள்ளாது. டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து, வால்வு இருக்கும் இடத்தில் வந்து முடியுங்கள். கடைசி நாலு விரல் அகலம் இறுக்கமாக இருக்கும். அங்கே லிவரைப் போட்டு நெம்பினால் புது டியூபையே கடித்துவிடும். கட்டைவிரல்தான் வேண்டும். வரவில்லை என்றால் எதிர்ப்பக்க விளிம்பு நடுப்பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம். அதைத் திரும்ப அழுத்திவிட்டு வாருங்கள். முடிந்ததும் வால்வை ஒரு தரம் உள்ளே தள்ளி இழுத்து, டியூப் விளிம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு முழுக் காற்று அடியுங்கள்.

ஓட்டையையே கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கெட் தண்ணீர் காட்டில் எங்கே கிடைக்கும்?

தண்ணீர் இல்லாமலே முடியும். டியூபை அதன் இயல்பான பருமனைவிட இரண்டு மடங்கு பெரிதாகும்வரை காற்றடித்து, உதட்டை ஈரமாக்கிக்கொண்டு அதற்கு அருகே மெதுவாக நகர்த்துங்கள். உதட்டிலும் கன்னத்திலும் மிக மெல்லிய காற்றுகூடத் தெரியும். கடற்காற்று வீசும் இடத்தில் மட்டும் வண்டியை அல்லது ஆளைக் காற்றுக்கு மறைவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டை டியூபின் உட்பக்கத்தில், அதாவது ரிம்மை நோக்கிய பக்கத்தில் இருந்தால் முள்ளைத் தேடிப் பயனில்லை. ரிம்மின் உள்ளே ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் நகர்ந்து, துளையின் ஓரம் வெட்டியிருக்கும். டேப்பைச் சரிசெய்யுங்கள், பம்பில் சுற்றிய டேப் இதற்குத்தான் உதவும்.

இரண்டு கீறல்கள் பக்கத்தில் பக்கத்தில், பாம்பு கடித்த தடம் போல இருந்தால் அது முள் இல்லை. காற்றுக் குறைவாக இருந்து, கல்லில் மோதியபோது டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ஒட்டியபிறகு காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். டியூப் உள்ள மவுண்டன் பைக்குக்குச் சராசரி எடையுள்ள ஒருவருக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை சரியாக வரும். குடியம் போன்ற கூழாங்கல் பாதைக்கு இதில் மேல் அளவு.

பேட்ச் ஒட்டினால் பத்து நிமிடத்தில் பிரிந்து வருகிறது. ஏன்?

பெரும்பாலும் அவசரம், அடுத்தது வியர்வை. உப்புத்தாளால் தேய்க்கும்போது டியூபின் பளபளப்பு போய் மங்கலாக வேண்டும். அந்த இடத்தில் அச்சுக் கோடு புடைத்திருந்தால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள். தேய்த்த இடத்தை அதன்பிறகு விரலால் தொடக் கூடாது. மே மாதத்து வெயிலில் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் திரும்ப முதலிலிருந்துதான்.

சொல்யூஷனை பேட்சைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக, மெலிதாகத் தடவுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்யக் கூடாது. ஈரப் பளபளப்பு போகும்வரை, மூன்று முதல் ஐந்து நிமிடம், சும்மா விடுங்கள். பிறகு பேட்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டிய அவசியமே இல்லை, உரிக்கும்போது ஓரம் தூக்கிவிடும்.

சொல்யூஷன் டியூப் ஒருமுறை திறந்தால் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். பையில் திறக்காத ஒன்று எப்போதும் இருக்கட்டும். சொல்யூஷன் இல்லாமல் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் பேட்ச் வீடு வரை தாங்கும். அதையே நிரந்தரம் என்று விட்டுவைக்காதீர்கள்.

டயரே கிழிந்துவிட்டால்?

பக்கவாட்டில் கிழிசல் இருந்தால் டியூப் அதன் வழியே பிதுங்கி வெடிக்கும். உள்ளே முட்டுக் கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் நோட்டை இரண்டாக மடித்துக் கிழிசலின் மேல் உட்பக்கமாக வைத்து, மேலே டியூபை வைத்துக் காற்றடித்தால் அது அங்கேயே அழுந்தி நின்றுவிடும். நம் நோட்டு பருத்தியிழைக் காகிதம், எளிதில் கிழியாது. பிஸ்கட் பொட்டலத்தின் உறையும் உதவும். பழைய டயரின் பக்கவாட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டைப் பையிலேயே வைத்திருந்தால் இதைவிடவும் நல்லது. காற்றை வழக்கத்தைவிடக் குறைவாக வைத்து, கல்லைத் தவிர்த்து மெதுவாக வாருங்கள். அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.

என்னுடையது டியூப்லெஸ். எனக்கு இதெல்லாம் வேண்டாம்தானே?

முள்ளுக்கு டியூப்லெஸ்தான் சரியான மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே ஊற்றிவைக்கும், ஓட்டையை அடைக்கிற சீலன்ட் திரவம் ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். சென்னை வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சலசலக்க வேண்டும். சத்தம் இல்லை என்றால் சீலன்ட் காய்ந்து தோலாகிவிட்டது.

முள் குத்தி நிற்கிறது, காற்றும் இறங்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு வீட்டில் வந்து பிடுங்குங்கள். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உடனே அந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால், சீலன்ட் ஓடிவந்து அடைக்கும். அடையாத பெரிய ஓட்டைக்கு பிளக். பசைத்தன்மையுள்ள அந்தத் திரியை ஊசியில் கோத்துக் குத்தி, ஊசியை மட்டும் வெளியே இழுக்க வேண்டும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் டியூப்தான். டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு டியூபை வைக்கலாம். ஆனால் அதற்கு முன்பு டயரின் உட்புறத்தைத் தடவினால் திகைத்துப்போவீர்கள். சீலன்ட் இவ்வளவு நாள் சத்தமில்லாமல் அடைத்துவைத்த முள் நுனிகள் எல்லாம் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் எடுக்காமல் டியூபை வைத்தால் காற்றடித்து முடிப்பதற்குள் பஞ்சர்.

வழியில் டூ வீலர் பஞ்சர் கடையோ சைக்கிள் கடையோ இருந்தால் உதவுமா?

உதவும், நன்றாகவே உதவும். வால்வு மட்டும் விஷயம். கார், பைக்கில் இருக்கும் அதே தடித்த ஷ்ரேடர் வால்வு உங்கள் சைக்கிளிலும் இருந்தால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிசான பிரஸ்டா வால்வு என்றால் சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும். எடை ஒன்றுமில்லை, விலையும் குறைவு, ஒன்றை வால்விலேயே மாட்டிவைத்துவிடலாம். பிரஸ்டாவில் நுனியில் உள்ள குட்டித் திருகைத் தளர்த்தினால்தான் காற்று போகும். கடைக்காரருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம், நீங்களே தளர்த்திக் கொடுங்கள். கம்ப்ரஸர் காற்று ஒரு நொடியில் ஏறிவிடும் என்பதால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவை முன்கூட்டியே சொல்லுங்கள்.

டியூபே வாங்க வேண்டி வந்தால், கிராமத்துச் சைக்கிள் கடையில் 26 அங்குலம் கிடைக்க வாய்ப்புண்டு. 29 கிடைப்பது கஷ்டம். சாதா சைக்கிளில் வரும், உள்ளே ரப்பர் வால்வ் டியூப் போட்ட பழைய மாதிரி வால்வின் தண்டும் ஷ்ரேடர் அளவுதான். ஷ்ரேடருக்குத் துளையிட்ட ரிம்மில் அது நுழையும். பிரஸ்டாவுக்கான சின்னத் துளையில் நுழையாது. ரிம்மைத் துளைத்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

புளியமரத்தடியில் கடை போட்டிருக்கும் அண்ணன்கள் பஞ்சர் ஒட்டும் நேர்த்தியை நின்று கவனியுங்கள். அவசரமே படாமல் தேய்ப்பார்கள், காயவிடுவார்கள். மேலே சொன்ன எல்லாமும் அந்தக் கையில் இருக்கும்.

செயின் அறுந்துவிட்டது. தள்ளிக்கொண்டே வர வேண்டியதுதானா?

இல்லை, கால் மணி நேர வேலை. செயினில் வெளித் தகடு ஒன்று, உள் தகடு ஒன்று என்று மாறி மாறி வரும். அறுந்த இடத்தில் பெரும்பாலும் வெளித் தகடு வளைந்திருக்கும். செயின் கட்டரால் அதன் பின்னைத் தள்ளி அந்தத் தகட்டை எடுத்துவிட்டால், இரண்டு முனையிலும் உள் தகடுகள் இருக்கும். குயிக் லிங்க் இந்த இரண்டையும் சேர்க்கும்.

செயினைத் திரும்பக் கோக்கும்போது டீரெய்லரின், அதாவது பின்னால் தொங்கிச் செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவியின், இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே சரியான வழியில் போகிறதா என்று பக்கத்து நண்பரின் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிங்கை மாட்டியதும் அது மேல்பக்கச் செயினில் நடுவே வரும்படி பெடலைச் சுற்றி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி மிதியுங்கள். 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்.

குயிக் லிங்க் 8, 9, 10, 11, 12 என்று கியர் எண்ணிக்கைக்கு ஏற்ப அகலம் மாறும். உங்களுடையது எது என்று வீட்டிலேயே பார்த்து வாங்கிவையுங்கள். செயின் இப்போது பழைய நீளத்தைவிடக் குறைந்திருந்தால், முன்னால் பெரிய பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் சேரும் கியரைத் தொடாதீர்கள். செயின் விறைத்து டீரெய்லரையே பிய்த்துவிடும்.

கியர் தானாகத் தாவுகிறது. அங்கேயே சரிசெய்யலாமா?

முதலில் ஒரு கேள்வி: சற்று முன் வண்டி வலப்பக்கமாக விழுந்ததா? விழுந்திருந்தால் கேபிளைத் தொடாமல் அடுத்த பதிலுக்குப் போங்கள்.

விழவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கும். பின் டீரெய்லரில் அல்லது கியர் லிவரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் உருளைத் திருகை அரைச் சுற்று வெளியே வரும்படி திருப்பினால் கேபிள் இறுகும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இதைச் செய்யுங்கள். சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் எதிர்த்திசை. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் பெடலைச் சுற்றிப் பாருங்கள்.

கேபிளே அறுந்தால் டீரெய்லர் மிகச் சின்னப் பல்சக்கரத்தில் போய் நின்றுவிடும், மேட்டில் மிதிக்க முடியாது. எச் என்று குறித்திருக்கும் எல்லைத் திருகை வலப்பக்கமாக உள்ளே திருப்பிக்கொண்டே போனால் டீரெய்லர் ஓரிரண்டு பல்சக்கரம் உள்ளே தள்ளி நிற்கும். அந்த ஒரே கியரில் வீடு வரலாம்.

வண்டி விழுந்ததில் டீரெய்லர் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. என்ன செய்ய?

டீரெய்லரையும் ஃபிரேமையும் இணைக்கும் சின்னத் தகட்டுக்கு ஹேங்கர் என்று பெயர். வேண்டுமென்றே மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள். அடி விழும்போது அது வளைந்து ஃபிரேமைக் காப்பாற்றும். வளைந்த நிலையில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லர் ஸ்போக்குக்குள் புகுந்து சக்கரம், டீரெய்லர், சில நேரம் ஃபிரேம் எல்லாவற்றையும் ஒரே நொடியில் உடைத்துவிடும். அதனால் விழுந்து எழுந்தவுடன், ஏறுவதற்கு முன்பு, பின்னால் குனிந்து பாருங்கள். டீரெய்லரின் கூண்டு பல்சக்கரத்துக்கு நேராகச் செங்குத்தாகத் தொங்க வேண்டும்.

சாய்ந்திருந்தால், சக்கரத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, டீரெய்லரைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குள் 5 மில்லிமீட்டர் ஆலன் கீயை நுழைத்து, அதையே கைப்பிடியாக வைத்து மெதுவாக வெளியே இழுங்கள். ஒரே தடவையில், பொறுமையாக. முன்னும் பின்னும் வளைத்தால் அலுமினியம் உடைந்துபோகும். நேராகிவிட்டதாகத் தோன்றினாலும் மிகப் பெரிய பல்சக்கரத்தை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

ஹேங்கர் உடைந்தேவிட்டால் டீரெய்லரைக் கழற்றி, செயினைச் சுருக்கி, நடுவில் உள்ள ஏதாவது ஒரு பல்சக்கரத்தில் நேராக மாட்டி ஒற்றை கியர் வண்டியாக்கலாம். செயின் முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தானாக ஏறி இறுகும். பின்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் செயினின் இறுக்கம் மாறும் என்பதால் இது சரியாக நிற்காது. இவ்வளவு பாடு படுவதைவிட ஒரு ஸ்பேர் ஹேங்கர் வாங்கிப் பையில் போடுங்கள். வண்டிக்கு வண்டி வடிவம் மாறும். ஸ்ராம் நிறுவனம் 2019இல் எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரு ஹேங்கரைக் கொண்டுவந்தது, பல புது வண்டிகளில் இப்போது அது வருகிறது. உங்களுடையது எது என்று கடையில் காட்டிக் கேளுங்கள்.

டிஸ்க் பிரேக் உரசிக்கொண்டே இருக்கிறது.

சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான். சக்கரத்தைத் தளர்த்தி, வண்டியை நேராக நிறுத்தி, திரும்ப இறுக்குங்கள். போகவில்லை என்றால் பிரேக் பேடுகள் இருக்கும் கேலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, பிரேக் லிவரை இறுகப் பிடித்தபடியே போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ரோட்டர் வளைந்திருந்தால் சுத்தமான துணியால் பிடித்து மெல்ல நிமிர்த்தலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்த உடனே மட்டும் ரோட்டரைத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

ஹைட்ராலிக் பிரேக்கில் சக்கரத்தைக் கழற்றிய நிலையில் லிவரை அழுத்தக் கூடாது. பிஸ்டன்கள் நெருங்கி, ரோட்டர் நுழையாது. தெரியாமல் அழுத்திவிட்டால் சுத்தமான டயர் லிவரை பேடுகளுக்கு நடுவே விட்டுப் பின்னால் தள்ளுங்கள். கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று செயின் எண்ணெயை ரோட்டரில் விட்டவர்கள் உண்டு. அதன்பிறகு பிரேக்கே இருக்காது, பேடும் வீண்.

லிவர் கைப்பிடி வரை உள்ளே போகிறது, பிடிப்பே இல்லை.

ஹைட்ராலிக் என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கும் அல்லது எண்ணெய் கசிந்திருக்கும். பாதையில் சரியாகாது. சமதளத்தில் மற்ற பிரேக்கை வைத்து மெதுவாக வரலாம். இறக்கத்தில் இறங்கித் தள்ளுங்கள். கேபிள் டிஸ்க் என்றால் உருளைத் திருகை வெளியே திருப்பினாலே பிடிப்பு திரும்பும்.

ஸ்போக் உடைந்து சக்கரம் கோட்டமாகிவிட்டது.

உடைந்த ஸ்போக்கைப் பக்கத்து ஸ்போக்கில் சுற்றி டேப் ஒட்டுங்கள், சுழலும்போது எதிலும் மாட்டக் கூடாது. டிஸ்க் பிரேக் என்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டத்தோடு அப்படியே ஓட்டலாம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றாலோ, டயர் ஃபிரேமில் உரசினாலோ, உடைந்ததற்கு இரண்டு பக்கமும் அடுத்துள்ள ஸ்போக்குகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ரிம் நடுவுக்குத் திரும்பும். ஸ்போக்கின் ரிம் பக்க முனையில் உள்ள குட்டி நட்டான நிப்பிளை டயர்ப் பக்கமிருந்து பார்க்கும்போது வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். முழுசாகக் கோட்டம் எடுப்பது கடை வேலை.

பெடல், கிராங்க், ஹேண்டில்பார் ஆடுகிறது.

இடது பெடலின் மரை தலைகீழ். எந்தப் பெடலாக இருந்தாலும் முன்சக்கரத்தின் பக்கம் சுற்றினால் இறுகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பெடலைத் தாங்கும் கையான கிராங்க் ஆடும்போது "வீடு வரை மிதித்துவிடலாம்" என்று போகாதீர்கள். அலுமினியத் துளை தேய்ந்து புதுக் கிராங்க் வாங்க வேண்டிவரும். அப்போதே நிறுத்தி இறுக்குங்கள்.

முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் கழுத்தில் 'கடக் கடக்' என்றால் கழுத்து பேரிங்கான ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் மூடியின் போல்ட்டை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஹேண்டில்பாரை நேராக்கி, பக்கவாட்டுப் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மேல் மூடியை எவ்வளவு திருகினாலும் பயன் இருக்காது.

எந்தப் பழுது வந்தால் ஓட்டவே கூடாது?

ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், ஸ்டெம் இவற்றில் விரிசல். இரண்டு பிரேக்கும் இல்லாத நிலை. சக்கரம் அப்பளமாக வளைந்தது. விழுந்ததில் தலையில் அடி, தலைசுற்றல். கடைசி விஷயத்துக்கு 108ஐ அழையுங்கள், சைக்கிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்குத் தார்ச் சாலை வரை தள்ளிவந்தால், ஏதாவது ஒரு குட்டி யானை கிடைக்கும். சைக்கிளைப் படுக்கப்போடும்போது டீரெய்லர் இருக்கும் வலப்பக்கம் மேலே இருக்கட்டும்.

மணல், மழை, உப்புக்காற்று பற்றி ஏதாவது?

கோவளம், முட்டுக்காடு பக்கம் கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரே இரவில் செயினில் துருவைக் காட்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சேறு டீரெய்லரில் அப்பிக்கொண்டால் குடிநீர் பாட்டிலில் கொஞ்சம் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு குச்சியால் சுரண்டினாலும் போதும். சேற்றோடு கியர் மாற்றுவதுதான் செயினை அறுக்கும்.

காப்புக்காட்டுக்குள் ஓட்ட அனுமதி வேண்டுமா?

வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்தபின், தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. குடியம் உட்படக் காட்டுப் பாதை எதுவாக இருந்தாலும் வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். உரித்த பேட்ச் தாள், கிழிந்த டியூப், உடைந்த லிங்க் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்ப வர வேண்டும்.

இதையெல்லாம் எங்கே பழகுவது?

வீட்டு மொட்டை மாடியில், மாலை வெயில் தாழ்ந்தபிறகு. பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, பையில் இருக்கும் கைப்பம்பாலேயே காற்றடித்துத் திரும்ப மாட்டுங்கள். வீட்டில் இருக்கும் பெரிய பம்பைத் தொடக் கூடாது. அப்போதுதான் அந்தச் சின்னப் பம்பால் 30 பி.எஸ்.ஐ. ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும், வாஷர் காய்ந்திருக்கிறதா, அடாப்டர் பொருந்துகிறதா என்று தெரியும். பழைய செயின் ஒன்றை சைக்கிள் கடையில் கேட்டு வாங்கி, கட்டரால் பின்னைத் தள்ளியும் குயிக் லிங்க் மாட்டியும் பாருங்கள். கடைக்காரர்கள் தூக்கிப் போடுவதைத்தான் கேட்கிறீர்கள், மறுக்க மாட்டார்கள்.